"பட்டன், பட்டன், பட்டன்": ஆன்லைன் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

எனக்குப் பதினோரு வயதில் பார்வை போனது. அரசுப் பள்ளியில் 26 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆன்லைன் படிப்பைப் பற்றியவை என்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கடிதங்களைக் கணினி படித்துக் காட்டக் கேட்டு, நானே தட்டச்சு செய்து பதில் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. முதலாண்டு படிக்கிறாள். கல்லூரியில் கொடுத்த செயலியைத் திறந்தால் போனில் திரையைக் குரலில் படித்துக்காட்டும் டாக்பேக் எல்லாவற்றுக்கும் "பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் சொல்கிறது. இன்டர்னல் தேர்வன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைப் படித்தேன். அவள் சொன்ன விடையை அழுத்துவதற்குள் நேரம் முடிந்து திரை மூடிக்கொண்டது. டிகிரி முடியும்வரை நான் கூடவே உட்கார வேண்டியதுதானா? (ஒரு தாய், கரூர்)

வேண்டாம். நீங்கள் உட்காரத் தயாராக இருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மகள் தன் தேர்வைத் தானே எழுத வேண்டும்.

முதலில் அது ஏன் "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் சமையலறையில் ஒரே அளவில் எட்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மூடியிலும் பிரெய்லில் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறேன். அந்தச் சீட்டுகளைப் பிய்த்துவிட்டால் டப்பா இருப்பது கைக்குத் தெரியும், உள்ளே கடுகா சீரகமா என்பது தெரியாது. செயலியிலும் அதே கதைதான். அம்புக்குறி, வீடு, மணி என்று படம் போட்ட பட்டன்களுக்கு உள்ளே ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும். கண்ணால் பார்ப்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது, டாக்பேக் அதை எடுத்துப் படிக்கும். எழுதாமல் விட்டுவிட்டால் அதற்குச் சொல்ல வேறு ஒன்றும் கிடையாது. ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் உங்கள் மகளுக்கு ஒரு தேர்வு போயிருக்கிறது.

இன்றைக்கே செய்ய முடிந்தவை சில உண்டு. அந்தச் செயலிக்கு இணையதளமும் இருந்தால் போனில் குரோம் வழியாக அதே பாடத்தைத் திறந்து பாருங்கள். செயலியில் படிக்காதது தளத்தில் படிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டாக்பேக் மெனுவில் பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் சேர்க்கும் வசதி உண்டு. எல்லாப் பட்டனுக்கும் அது அமையாது, அமைகிறவற்றுக்கு ஒருமுறை நீங்கள் கூட இருந்து பெயர் வைத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவளே பார்த்துக்கொள்வாள். வீட்டில் மடிக்கணினி இருந்தால் அதன் திரையைப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள், காசு கிடையாது. சிறுவயதில் ஒரு இசை முகாமில் பழக்கமான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய மென்பொருள் அது. அதற்கு முன் இங்கே இப்படித் திரையைப் படிக்கும் நல்ல மென்பொருள், அதாவது ஸ்க்ரீன் ரீடர், வாங்க வேண்டுமென்றால் ஆசிரியர் சம்பளத்தில் பல மாதம் சேர்க்க வேண்டும். விண்டோஸில் வரும் தமிழ்க் குரலையும் என்விடிஏவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர்.

அடுத்தது கல்லூரி. "ஆப் வேலை செய்யவில்லை" என்று வாயால் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். எந்தப் பக்கம், எத்தனையாவது பட்டன், எந்த போன், டாக்பேக் என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் குரலைப் பதிவு செய்து கூட அனுப்புங்கள். "பட்டன், பட்டன்" என்பதை ஒரு நிமிடம் காதால் கேட்டபிறகுதான் பல முதல்வர்களுக்கு விஷயம் புரிகிறது. தேர்வு நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். உதவியாளர் வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆன்லைனில் அதைச் செய்ய முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆன்லைன் பாடமும் தேர்வும் நடத்தும் மூடில் போன்ற மென்பொருளில் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிவைக்க இடம் இருக்கிறது. ஆசிரியர் உள்ளே போய் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம்.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். கொரோனா சமயத்தில் ஆசிரியர்களுக்கு ஓர் ஆன்லைன் பயிற்சி வந்தது. பாடம் முழுவதையும் நானே கேட்டு முடித்தேன். கடைசியில் "பொருத்துக" என்று ஒரு கேள்வி. இடப்பக்கச் சொல்லை மவுஸால் இழுத்து வலப்பக்கம் போட வேண்டும். விசைப்பலகையால் முடியவே இல்லை. விடை அத்தனையும் எனக்குத் தெரியும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து இழுத்துப் போட்டார். சான்றிதழ் என் பெயரில் வந்தது, அதை இன்றுவரை நான் அச்செடுக்கவில்லை. உங்கள் மகளுக்கு அப்படி ஒரு சான்றிதழ் வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தமிழாசிரியர் நான். என் குறிப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி மாணவர் குழுவில் போடுகிறேன். பார்வையில்லாத ஒரு மாணவன் "சார், உங்கள் பாடம் எனக்கு இங்கிலீஷில் கேட்கிறது" என்கிறான். முழுக்கத் தமிழில்தான் தட்டச்சு செய்கிறேன். இது எப்படி? (ஓர் ஆசிரியர், நாகர்கோவில்)

பையன் சொல்வது சரி ஐயா. நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எழுத்துருக்களில் கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறார்கள். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் உங்கள் கண்ணுக்கு அம்மா. கணினிக்கு அது எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஸ்க்ரீன் ரீடர் வேஷத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. உங்கள் மாணவன் சிலப்பதிகாரத்தை இப்படி எம், கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

தீர்வு யூனிக்கோடு. கோப்புக்குள்ளேயும் தமிழ் எழுத்தாகவே பதிவாகும் முறை அது. தமிழக அரசே 2010-இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்திவிடுங்கள். விரல் பழகிப்போன விசைப்பலகையை விட வேண்டியதில்லை. பாமினி முறையிலேயே அடித்து யூனிக்கோடு வரவழைக்கும் மென்பொருள்கள் உண்டு.

இரண்டாவது தொல்லை, புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பிடிஎஃப் ஆக்குவது. அது எங்களுக்கு வெள்ளைத்தாள். நான் திறந்தால் "எம்டி டாக்குமென்ட்" என்று சொல்லி நிறுத்திவிடும். கூகுள் டிரைவில் அந்தப் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும், தமிழும் வரும். பிழைகள் இருக்கும், திருத்த வேண்டும். முடிந்தால் பிடிஎஃப்போடு வேர்டு கோப்பையும் கூடவே போடுங்கள்.

அப்புறம் தலைப்புகள். தலைப்பு வரியைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு அது தலைப்பு, எங்களுக்கு அது இன்னொரு வரிதான். வேர்டில் ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெடிங் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போக முடியும். இல்லாவிட்டால் நாற்பது பக்கக் குறிப்பில் "வஞ்சிக் காண்டம்" எங்கே என்று தேட முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

படங்களுக்கு விளக்கம் எழுதும்போது பாடத்துக்கு என்ன தேவையோ அதை எழுதுங்கள். தஞ்சைப் பெரிய கோவில் படத்துக்கு "கோவில்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது. கட்டடக்கலைப் பாடம் என்றால் விமானம் அடுக்கடுக்காக மேலே போகப்போகக் குறுகுவதைச் சொல்லுங்கள். கல்வெட்டுப் பாடம் என்றால் எழுத்து சுவரில் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்லுங்கள். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று வாயால் எதைச் சொல்வீர்களோ அதுவே போதும்.

சிறிய நிறுவனம் ஒன்றில் கற்றல் செயலி எழுதும் வேலை எனக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்றலாம் என்றால் மேலாளர் "நம்மிடம் அப்படி யாரும் இல்லையே" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது? (இளைஞர் ஒருவர், கோவை)

தம்பி, உள்ளே நுழைய முடியாத இடத்தில் எங்களை எப்படிப் பார்ப்பார்கள்? பதிவு செய்யும் பக்கத்திலேயே "படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்க" என்று இருக்கும், அங்கேயே திரும்பிவிடுகிறோம். உங்கள் மேலாளரின் கணக்கில் நாங்கள் வரவே மாட்டோம்.

முதல் நாள் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்து உங்கள் செயலியில் ஒரு பாடத்தைத் திறந்து, தேர்வு எழுதி, விடையைச் சமர்ப்பித்துப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கேதான் நானும் மாட்டுகிறேன். கை நடுங்குபவர், ஒரு கையால் இயக்குபவர் எல்லோரும் அங்கேயே மாட்டுவார்கள். இரண்டாம் நாள் என்விடிஏ போட்டு, அதில் திரையைக் கறுப்பாக்கும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிட்டு அதே பாடத்தைச் செய்யுங்கள். அன்று மாலை உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். நான் எழுதித் தருவதைவிட அது நல்ல பட்டியல்.

தமிழில் செயலி எழுதுகிறவர்கள் தவறவிடும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பக்கத்தின் மொழி என்ன என்று நிரலில் குறிக்கும் இடத்தில் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். தமிழ்ப் பக்கத்தைப் படிக்க ஆங்கிலக் குரல் வந்து நிற்கிறது. தமிழ் எழுத்துத் தெரியாத சில குரல்கள் வரிகளை அப்படியே விழுங்கிவிடும். கேள்வி காணாமல் போய் விடைகளின் எண் மட்டும் கேட்கும்.

வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற உலக நெறிமுறை சொல்கிறது. சரியான விடைக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்பதோடு நிறுத்தாமல் "சரி", "தவறு" என்று எழுதியும் காட்டுங்கள். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் பொதுப்பள்ளிகளில் நிறையப் பேர், பலருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது. இழுத்துப் போடும் கேள்வி வைத்தால், இழுக்காமல் தேர்ந்தெடுக்கும் வழியும் கூடவே வையுங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அதைத் தனி விதியாகவே சேர்த்திருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லி அந்த விதியைக் கேட்ட அன்று எனக்கு அந்தப் "பொருத்துக" கேள்விதான் ஞாபகம் வந்தது.

மேலாளரிடம் சட்டத்தையும் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, அதன் 42-ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கத்தைப் பற்றியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள்ளேயே அடங்கும் என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது.

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குக் காது கேட்காது. வீடியோ பாடங்களில் தானாக வரும் எழுத்து வரிகளை நம்பலாமா? (ஒரு தந்தை, விழுப்புரம்)

பாதிதான் நம்பலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் ஆசிரியரின் வேதியியல் பாடத்தில் கலைச்சொற்கள்தான் முதலில் சிதைகின்றன, தேர்வில் வருவதும் அவைதான். யூடியூபில் அந்த வரிகளை வீடியோ போட்டவரே திருத்த முடியும். பள்ளியில் கேளுங்கள். ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் அதே வகுப்பு மாணவர் இருவரைத் திருத்தச் சொல்லலாம், அவர்களுக்கும் அது நல்ல மறுவாசிப்பு. பேசும்போது பலகைப் பக்கம் திரும்பாமல் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கச் சொல்லுங்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

உங்கள் மகன் சைகை மொழியில் வளர்ந்தவன் என்றால் எழுத்துத் தமிழ் அவனுக்கு இரண்டாம் மொழி. அவனுக்கு எழுத்து வரிகள் மட்டும் போதாது. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமும் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியும் பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற 2020-இல் ஒப்பந்தம் போட்டன. மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சிச் சேனல்களான பிஎம் இ-வித்யாவில் 31-ஆம் சேனல் 2024 டிசம்பரிலிருந்து சைகை மொழிக்கென்றே இருக்கிறது. பாடத்திட்டம் வேறாக இருந்தாலும் அறிவியல் பாடங்களுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்குப் பார்வை இல்லை. போனே எல்லாவற்றையும் படிக்கிறது. இனிமேல் பிரெய்ல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடட்டுமா? (ஒரு மாணவி, திண்டுக்கல்)

விட்டுவிடாதேம்மா. போன் "பள்ளி", "பல்லி" இரண்டையும் வேகமாகப் படிக்கும்போது உன் காதுக்கு எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது? "மனம்", "மணம்"? காதால் மட்டும் படித்த பிள்ளைகள் என் வகுப்பில் விடையைச் சரியாகச் சொல்வார்கள், எழுதினால் லகர ளகரமும் னகர ணகரமும் இடம் மாறி மதிப்பெண் போகும். பிரெய்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளி வேறு, விரல் மறக்காது. கணக்கில் பின்னத்தையும் அடைப்புக்குறிகளையும் காதிலேயே வைத்துக்கொண்டு போடுவது ரொம்பச் சிரமம். விரலுக்கடியில் இருந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

போனையும் விடாதே. கணினியில் விசைப்பலகையைப் பார்வையுள்ள பிள்ளைகளைவிட வேகமாக அடிக்கும் அளவுக்குப் பழகு. கணினியையும் பிரெய்லையும் ஒன்றாக்கும் கருவியும் இருக்கிறது, பிரெய்ல் பட்டை என்று வைத்துக்கொள். கணினியில் உள்ள வரி அந்தப் பட்டையில் புள்ளிகளாக எழும்பி வரும், நகர்ந்தால் அடுத்த வரி வரும். என்விடிஏவோடு சேர்த்து ஒன்றை ஒரு மாதம் கடன் வாங்கிப் பயன்படுத்தினேன். விலை அதிகம், வீட்டில் வாங்கச் சொல்லிக் கேட்காதே. பள்ளி நூலகத்துக்கு ஒன்று வேண்டும் என்று உன் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுது. பிரெய்லில் ஒன்று, தட்டச்சில் ஒன்று, இரண்டையும் நீயே எழுதிக் கொடு. எனக்கும் ஒரு நகல் அனுப்பு.