ரீசைசிங் டையை எவ்வளவு இறக்குவது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் வீட்டிலேயே ரைஃபிள் தோட்டா ரீலோட் செய்யும், அதாவது சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் (கேஸ்) மறுபடி மருந்தும் குண்டும் வைக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை சுட்டதில் உப்பிய கேஸை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான ஃபுல் லெங்த் ரீசைசிங் டையைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த முறை அது மட்டும். உதாரணத்துக்கு .308 வின்செஸ்டர் தோட்டா போடும் போல்ட் ஆக்ஷன் (போல்ட் என்ற அடைப்பைக் கையால் திறந்து மூடும்) ரைஃபிளை எடுத்துக்கொள்கிறேன். 'தௌ' என்று வருமிடமெல்லாம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கேள்வி: அண்ணா, டையை ஷெல் ஹோல்டரில் (பிரஸ் என்ற அழுத்து கருவியில் கேஸின் அடியைப் பிடிக்கும் பாகம்) முட்டும்வரை இறக்கி, அதற்கு மேலும் கால் சுற்று திருகச் சொல்கிறது பெட்டியில் இருந்த தாள். அப்படியே செய்யலாமா?

செய்தால் தோட்டா அநேகமாக எல்லா .308-இலும் நுழையும். தாளின் நோக்கமும் அதுதான். ஆனால் உங்கள் சேம்பர் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) எவ்வளவு நீளம் என்று டை செய்தவருக்குத் தெரியாது. சேம்பர் நீளத்தைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளில், .308-க்கு போல்ட் மூட வேண்டிய 'கோ' கேஜ் 1.630 அங்குலம், மூடக் கூடாத 'நோ-கோ' 1.634. உங்கள் சேம்பர் நீளமான பக்கத்தில் இருந்தால், தாள் சொன்னபடி இறக்கிய டை கேஸின் ஷோல்டரை (கழுத்துக்குக் கீழே சரியும் தோள்) தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிடும். சுடும்போது கேஸின் முன்பகுதி சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதி மட்டும் போல்ட் வரை பின்னால் போகும். இடையில் இருக்கும் பித்தளைதான் இழுபட்டு மெலிய வேண்டும். இதே கேஸை இப்படியே திரும்பத் திரும்ப ரீலோட் செய்தால் ஒரு நாள் அடிப்பகுதிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும். அப்போது பின்பக்கம் பீறிடும் சூடான வாயு முகத்துக்குத்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் சுடாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் துப்பாக்கியில் சுட்ட கேஸ்தான் அளவுகோல். முதலில் பிரைமரை (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எடுத்துவிடுங்கள், துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர் அளவைக் கெடுக்கும். காலிப்பரில் ஹெட்ஸ்பேஸ் கம்பரேட்டரை (கேஸின் அடியிலிருந்து ஷோல்டர் வரை அளக்க உதவும் துணைக்கருவி) மாட்டி, நாலைந்து கேஸ்களை அளந்து, நீளமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். லேசான மருந்தில் ஒரே ஒரு முறை சுட்ட கேஸ் சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. அதே துப்பாக்கியில் இரண்டு மூன்று முறை சுட்டதாக இருந்தால் நல்லது.

இப்போது டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் ஒரு நாணயத்தின் கனம் இடைவெளி விட்டு, லூப் (மசகு) தடவிய கேஸை ஏற்றி அளந்து பாருங்கள். அளவு குறையாது, கூடும்! பலர் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள். டை முதலில் கேஸின் உடம்பைத்தான் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட பித்தளைக்குப் போக வேறு வழியில்லை, ஷோல்டரை முன்னால் தள்ளுகிறது. டையின் ஷோல்டர் வந்து முட்டிய பிறகுதான் அளவு இறங்கத் தொடங்கும். 'ரீசைஸ் செய்த பிறகு போல்ட் முன்பைவிட இறுக்கமாக மூடுகிறது' என்று வந்த கேள்விகளுக்கும் இதுவே பதில். டை இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? டையின் மரை அங்குலத்துக்கு 14. ஆக ஒரு முழுச் சுற்று 71 தௌ, அரைக்கால் சுற்றே கிட்டத்தட்ட 9 தௌ. டையை அதன் இடத்தில் பூட்டும், ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள லாக் ரிங்கின் விளிம்பில், ஒரு தௌ என்பது சுமார் 1.4 மில்லிமீட்டர் நகர்வு. எனவே ரிங்கிலும் பிரஸ்ஸிலும் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, கோட்டின் தடிமன் கணக்கில் திருகுங்கள். சுட்ட கேஸைவிட 1 முதல் 2 தௌ குறைந்ததும் நிறுத்துங்கள். ஏ.ஆர்.-15 போன்ற செமி ஆட்டோவுக்கு 3, 4 தௌ வைத்துக்கொள்ளலாம். கடைசியில் இன்னும் ரீசைஸ் செய்யாத வேறொரு சுட்ட கேஸில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, கேஸ் டைக்குள் இருக்கும்போதே லாக் ரிங்கை இறுக்குங்கள்.

கேள்வி: கம்பரேட்டர் வாங்கவில்லை. போல்ட்டை வைத்தே பார்க்க முடியுமா?

முடியும். ஃபயரிங் பின்னையும் (பிரைமரைக் குத்தும் ஊசி) எஜெக்டரையும் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட்டால், காலி சேம்பரில் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழும். ரீசைஸ் செய்த கேஸை வைத்து மூடும்போது தடை தெரிந்தால் டையை இம்மியளவு இறக்குங்கள். தடை போய்க் கைப்பிடி தானாக விழ ஆரம்பிக்கும் இடம்தான் உங்கள் இடம். பிரைமரும் மருந்தும் இல்லாத வெற்று கேஸில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: டையைத் தொடவே இல்லை. ஆனாலும் கேஸுக்குக் கேஸ் 3 தௌ வரை மாறுகிறதே?

டையைச் சந்தேகப்படுவதற்கு முன் பித்தளையைப் பாருங்கள். பல முறை சுட்ட கேஸ் கடினமாகி, அமுக்கினாலும் திரும்ப எம்பும். அனீல் செய்தால் (கழுத்தையும் ஷோல்டரையும் சூடாக்கி இளக்கினால்) இது பெரும்பாலும் சரியாகும். வெவ்வேறு கம்பெனி கேஸ்களைக் கலக்காதீர்கள். லூப் எல்லாவற்றிலும் ஒரே அளவு இருக்கட்டும், ஷோல்டரில் அதிகமானால் குழி விழும். நெம்புகோலை அடிவரை இறக்கி, இரண்டு மூன்று வினாடி அப்படியே பிடியுங்கள். அப்புறம், கேஸை வெளியே இழுக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால், எக்ஸ்பாண்டர் (டைக்குள் இருந்து கேஸின் கழுத்தை விரிக்கும் குமிழ்) உலர்ந்த நெக்கை, அதாவது கழுத்தைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். அது ஷோல்டரையும் சேர்த்து முன்னால் இழுத்துவிடும். நெக்கின் உள்ளேயும் துளி லூப் வேண்டும்.

கேள்வி: டை ஷெல் ஹோல்டரில் முட்டிவிட்டது. ஷோல்டர் இன்னும் பின்னால் போகவில்லை.

கேஸ் உள்ளே இருக்கும்போது இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பிரஸ் வளைகிறது, இன்னும் கொஞ்சம் திருகுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் முதலில் அனீல் செய்து பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஷெல் ஹோல்டரின் மேற்பரப்பில் சில தௌ தேய்க்கலாம். விலை உயர்ந்த டையில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இரண்டு .308 இருக்கின்றன. ஒரே செட்டிங் போதுமா?

கேஸ்களைத் தனித்தனியாக வைத்து, டையையும் தனித்தனியாக அமைப்பதே என் கட்சி. கலந்துதான் ஆக வேண்டுமென்றால் குட்டையான சேம்பருக்கு அமையுங்கள். நீளமான துப்பாக்கியில் கேஸ் ஆயுள் குறையும்.

கேள்வி: ஊருக்குத் திரும்புகிறேன். பிரஸ்ஸைக் கொண்டுபோய் அங்கே ரீலோட் செய்யலாமா?

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. உரிமம் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: இத்தனை நாளும் தாள் சொன்னபடிதான் செய்தேன். பழைய கேஸ்களை என்ன செய்வது?

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல் வளைத்து, கூராக்கி, கேஸின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் சிக்கினால் அந்த கேஸ் முடிந்தது. வெளியே அதே இடத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தாலும் கணக்கு அதேதான். ஒன்றில் பள்ளம் இருந்தால் அதனுடன் அத்தனை முறை சுட்ட மற்றவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். குறட்டால் வாயை நசுக்கிப் போட்டால் தவறிப்போய்க்கூடத் திரும்ப டைக்குள் வராது.