கன்வெர்ட்டருக்கு மீதிக் காசைக் கட்டாதீர்கள்

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் செம்பனை மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட நாளில் டவுனில் இருந்த சிசியில் (சைபர் கஃபேயில்) மணிக்கணக்காக உட்கார்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற வியூக கேமை விளையாடியவன். இப்போது செகண்ட் ஹேண்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கி அதே கேமைப் போட்டால், கண்ட்ரோலரை வைத்து நாலு ஆட்டைக்கூட ஓட்டிவர முடியவில்லை. ஆட்களை விறகு வெட்ட அனுப்புவதற்குள் எதிரி வாசலுக்கு வந்துவிடுகிறான். ஈப்போவில் ஒரு கடையில் 420 ரிங்கிட்டுக்கு ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது, அதைப் போட்டால் கீபோர்டும் மவுஸும் ஓடும் என்றார்கள். 50 ரிங்கிட் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா, அல்லது கண்ட்ரோலரிலேயே பழக முடியுமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. இந்த கேமுக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை. சாதாரணக் கம்பி மவுஸையும் கம்பி கீபோர்டையும் உங்கள் எக்ஸ்பாக்ஸின் யுஎஸ்பி துளையில் நேராகச் செருகினால் போதும். எக்ஸ்பாக்ஸில் கீபோர்டு, மவுஸ் வசதி 2018 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கேமையும் செய்தவர்கள் தனியாக அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் 2023 ஜனவரி 31 அன்று எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோதே அந்த அனுமதியோடுதான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த நான்காம் பாகமும் அப்படியே. கண்ட்ரோலர் விற்கும் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டால் 420 ரிங்கிட் எப்படிக் கேட்பார்?

மவுஸ் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். புளூடூத் மவுஸ் வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் புளூடூத் கீபோர்டையும் மவுஸையும் ஏற்றுக்கொள்வதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'மவுஸ் ஓடவில்லை அண்ணே' என்று வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது இதுதான். கம்பியில்லா மவுஸ் என்று விற்பதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் நகம் அளவுக்கு ஒரு சின்ன யுஎஸ்பி ரிசீவர் கூடவே வரும், அதை எக்ஸ்பாக்ஸில் செருகினால் பொதுவாக மவுஸ் ஓடும். இன்னொன்றில் ரிசீவரே இருக்காது, கைப்பேசியோடு இணைப்பதுபோல் 'பேரிங்' செய்யச் சொல்லும். அதை எக்ஸ்பாக்ஸோடு இணைக்க வழியே இல்லை. சில மவுஸ்களில் இரண்டு வழியும் இருக்கும். அடியில் ஒரு குட்டி சுவிட்சு இருக்கும், அது புளூடூத் பக்கம் இருந்தால் ரிசீவரைச் செருகியும் பலன் இல்லை. கடையில் பெட்டியைத் திறந்து ரிசீவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இதெல்லாம் தலைவலி என்றால் கம்பி மவுஸே நிம்மதி. சீரிஸ் எஸ்ஸில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று யுஎஸ்பி துளைகள் இருக்கின்றன, இடம் போதும்.

இனி அந்தக் கன்வெர்ட்டர் விஷயம். அது என்ன செய்கிறது தெரியுமா? உங்கள் மவுஸ் அசைவை, கண்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கின் அசைவாக மாற்றி, 'நான் ஒரு கண்ட்ரோலர்' என்று எக்ஸ்பாக்ஸிடம் பொய் சொல்கிறது. ஆக, கையில் மவுஸ் இருந்தாலும் கேம் உங்களைக் கண்ட்ரோலர் ஆளாகத்தான் நடத்தும். கண்ட்ரோலரில் விளையாடும்போது இந்த வகை கேம்களில் பெரும்பாலும் சுட்டி (திரையில் இடம் காட்டும் குறி) திரையின் நடுவிலேயே நிற்கும், நிலம்தான் அதன் அடியில் நகரும். கன்வெர்ட்டர் வழியாக மவுஸை அசைத்தால் ஊர் முழுவதும் தடதடவென்று ஆடும், சுட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். சுடும் கேம்களுக்காகச் செய்த பெட்டி அது. அங்கேயும் அது கள்ளத்தனம்தான், ஆனால் அங்கே அதனால் ஏதோ லாபமாவது உண்டு. வியூக கேமுக்கு அதை விற்பது வெறும் ஏமாற்று.

2023 நவம்பரில் இன்னொன்று நடந்தது. அங்கீகாரம் இல்லாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸ் தடுக்கத் தொடங்கியது. செருகினால் ஓர் எச்சரிக்கை வரும், இரண்டு வாரத்தில் அந்தக் கருவி முடங்கும். இதைக் கேட்டால் கடைக்காரர் உடனே, "ஒரிஜினல் கண்ட்ரோலரையும் சேர்த்துச் செருகினால் ஒன்றும் ஆகாது" என்பார். இன்றைக்கு ஓடலாம். அடுத்த அப்டேட்டில் முடங்கினால் அவரா காசைத் திருப்பித் தரப்போகிறார்? 'ஷாப் வாரண்டி' என்று ரசீதில் எழுதித் தருவார்கள். பெட்டியின் விளக்கு எரிந்தால் போதும், பழுதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். கண்ட்ரோலரில் பழகலாம். கை மந்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், வேலையே வேறு வகை. மவுஸை வைத்திருக்கும்போது இடத்தை நீங்களே தொட்டுக் காட்டுகிறீர்கள். ஸ்டிக்கில் காட்டுவது வேகத்தைத்தான். மில்லில் குலை ஏற்றிவரும் லாரியைப் பின்னால் எடுக்க 'வா, வா, நிறுத்து' என்று கையாட்டுவீர்களே, அதுபோல. நிறுத்தச் சொன்ன பிறகும் ஓரடி தள்ளித்தான் நிற்கும். அப்படிப்பட்ட சுட்டியை வைத்து ஒவ்வோர் ஆளாகத் தேடிப்பிடித்தால் நீங்கள் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் தோற்பார்கள்.

கேம் செய்தவர்களே இதைப் புரிந்துகொள்ள நீண்ட காலம் ஆனது. 2000-இல் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற வியூக கேம், கணினிச் சுட்டியை அப்படியே ஸ்டிக்கில் ஓட்டச் சொன்னது. அது எவ்வளவு சிரமம் என்று விளையாடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைப் படைத்த என்செம்பிள் ஸ்டூடியோஸ்தான் இதற்கு வேறு வழியில் போனது. அவர்கள் தங்களுடைய இன்னொரு கேமான ஏஜ் ஆஃப் மிதாலஜியை எடுத்து வைத்துக்கொண்டு கண்ட்ரோலர் பரிசோதனை செய்தார்கள், அதிலிருந்து பிறந்தது 2009-இல் வந்த ஹேலோ வார்ஸ். அதில் கண்ட்ரோலரின் இடது தோளில் உள்ள எல்பி பட்டனைத் தட்டினால் வரைபடத்தில் உள்ள மொத்தப் படையும் கைக்கு வரும். வலது தோளில் உள்ள ஆர்பி தட்டினால் திரையில் தெரிகிறவர்கள் மட்டும். ஏ-யை இரண்டு முறை தட்டினால் ஒரே வகை வீரர்கள் எல்லாரும். கூட்டல் குறிபோல் இருக்கும் டி-பேடைத் தட்டினால் முகாமுக்குத் தாவலாம். சுட்டியை எங்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், பட்டனால் ஆட்களை அழைத்து, எக்ஸ் பட்டனால் அனுப்பினால் போதும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இலும் நீங்கள் செய்ய வேண்டியது இதைத்தான். சிசி காலத்தில் எச் பட்டனைத் தட்டி டவுன் சென்டருக்குப் போனதும், புள்ளிப் பட்டனைத் தட்டிச் சும்மா நிற்கும் ஆளைப் பிடித்ததும் ஞாபகம் இருக்கும். அவை எல்லாம் கண்ட்ரோலரிலும் இருக்கின்றன, பல, கண்ட்ரோலரின் பின்பக்க ட்ரிக்கரை அழுத்தினால் விரியும் வட்ட மெனுக்களுக்குள் போயிருக்கின்றன. எந்தப் பட்டனில் எது என்று நான் இங்கே பட்டியல் போடப்போவதில்லை, படித்தால் மறந்துபோகும். கண்ட்ரோலருக்கென்றே கேமில் தனி டுடோரியல் வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் 'எனக்குத் தெரியாததா' என்று அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அதை முடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், ஆட்களை நீங்களே விறகுக்கும் தங்கத்துக்கும் பிரித்து அனுப்பும் பழக்கத்தைக் கொஞ்சம் விடுங்கள். கன்சோலுக்குக் கொண்டுவந்தபோது வேலைப் பங்கீட்டைக் கேமே பார்த்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். உணவுக்கு அதிகமா, விறகுக்கு அதிகமா என்று சொன்னால் போதும், ஆட்கள் தாங்களே பிரிந்து போவார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-இலும் 2024-இல் வந்த ஏஜ் ஆஃப் மிதாலஜி ரீடோல்டிலும் இந்த ஏற்பாடு இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் வயல் தானே மறுபடி விதைத்துக்கொள்வதும், குதிரை வீரன் தானே சுற்றி வேவு பார்ப்பதும் உண்டு, இரண்டையும் போட்டு வையுங்கள். சிசியில் இப்படி விளையாடினால் கூட்டாளிகள் சிரித்திருப்பார்கள். இங்கே வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படி மிச்சமாகிற நேரத்தைப் படைக்குக் கொடுங்கள்.

கன்வெர்ட்டர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆன்லைனில் கையில் உள்ள கருவியைப் பார்த்து எதிராளியைச் சேர்க்கும் ஏற்பாடு இந்தக் கேம்களில் இருக்கிறது. கண்ட்ரோலர் வேடம் போடும் கன்வெர்ட்டர் இந்த ஏற்பாட்டையே ஏமாற்றுகிறது. மவுஸை நேராகச் செருகினால் மவுஸ்காரர்களோடு மோத வேண்டி வரும், அது நியாயம். கண்ட்ரோலரோடு போனால் உங்களைப்போலவே ஸ்டிக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கிடைப்பார்கள். ஷிப்டு முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கருத்து. கேமை வெளியிட்ட கம்பெனி இதையும் மவுஸ் நேராகவே ஓடும் என்பதையும் விளம்பரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். யாரும் போகாத மெனுவில் ஒளித்து வைத்தால் யார் பார்ப்பார்கள்? அந்த இடைவெளியில்தான் 420 ரிங்கிட் பெட்டிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

செகண்ட் ஹேண்டு என்றீர்கள், அதனால் கண்ட்ரோலரையும் சோதித்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் திரை மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. இந்த வகை கேமில் அது உடனே தெரியும். டிவியில் 'கேம் மோடு' போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இருந்தால் பட்டனை அழுத்தியதும் சற்று நேரம் கழித்துத்தான் ஆள் அசைவான், குறையைக் கண்ட்ரோலர் மேல் போடுவோம்.

அதே கடையில் 'முழு கேம் அக்கவுண்ட் 30 ரிங்கிட்' என்று இன்னொன்றையும் தள்ளப் பார்ப்பார்கள், கவனம். குறிப்பாக ராஜேந்திர சோழன் கதை வரும் டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பகுதியைத் தேடுகிற நம் பிள்ளைகள் இதில் மாட்டுகிறார்கள். கடாரம் வென்ற கதையைக் கெடாவுக்குப் பக்கத்து மாநிலத்தில் உட்கார்ந்து விளையாட யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒரே அக்கவுண்டைப் பலருக்கு விற்றிருப்பார்கள், ஒருநாள் பாஸ்வேர்டு மாறும், விற்றவர் போனை எடுக்க மாட்டார். அந்தப் பகுதியைத் தனியாகக் காசு கொடுத்து, உங்கள் பெயரில் உள்ள அக்கவுண்டில் வாங்குங்கள். அதில் திராவிடர் படை தமிழில் பேசும். மெனுக்களை மலாயில் வைத்துக்கொள்ளலாம், இந்தியிலும் வைத்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் கிடையாது. படைக்குத் தமிழ் பேசச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு மெனுவில் நாலு வரி எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது.

முன்பணத்தை என்ன செய்வது? முதலில் ரசீதைப் பாருங்கள். ரசீதே தரவில்லை என்றால் போய் வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 ரிங்கிட்டுக்காக விசாரணை நாளில் ஷிப்டுக்கு லீவு போட்டால் அதைவிட அதிகமாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள், கடைக்காரருக்கும் அது தெரியும். அதனால் நேரில் போய், கன்வெர்ட்டர் வேண்டாம், அந்த 50 ரிங்கிட்டுக்குக் கம்பி மவுஸும் கம்பி கீபோர்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். காசு வெளியே போகாததால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். விலையுயர்ந்த 'கேமிங்' மவுஸைக் காட்டி மேலே காசு கேட்டால், பெட்டியில் விளக்கு எரியாத சாதாரண ரகமே போதும் என்று சொல்லிவிடுங்கள்.