வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா? – சின்னப் பிள்ளைகளின் ஆங்கிலம்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அண்மையில் சிங்கப்பூருக்குக் குடிவந்த பெற்றோர் அனுப்பியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. நான்கு வயது மகன் வீட்டில் ஓயாமல் பேசுகிறான். பாலர் பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறச் சொல்கிறார்கள். என் ஆங்கிலமோ தயங்கித் தயங்கித்தான் வரும். தமிழை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், செங்காங்

நிறுத்தாதீர்கள். புதிய மொழிச் சூழலுக்குள் நுழையும் பிள்ளைகளில் பலர் முதலில் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் இருப்பார்கள். ‘மௌனக் காலம்’ என்று இதற்குப் பெயரே உண்டு. வாய் மூடியிருக்கும்போதும் காது கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே ஆசிரியரிடம் “பேசுகிறானா?” என்று கேட்காமல், “சொன்னதைச் செய்கிறானா?” என்று கேளுங்கள். வரிசையில் நில், நீலப் பென்சிலை எடு என்றால் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்காமல் தானே செய்கிறான் என்றால் கவலையில்லை. அடுத்து ‘மை டர்ன்’, ‘ஐ வான்ட்’ என்று துண்டு துண்டாக வரும். நடுநடுவே தமிழும் கலக்கும். அதுவும் இயல்பே.

உங்கள் ஆங்கிலம் தயங்கித் தயங்கித்தான் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆங்கிலத்துக்கு மாறினால் வீட்டுப் பேச்சு ‘சாப்பிடு, குளி, தூங்கு’ என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். மழைக்கு முன் வானம் ஏன் இருட்டுகிறது, பாட்டி ஏன் நம்மோடு வரவில்லை என்றெல்லாம் பேசித் தீர்க்க வேண்டிய வயது இது. காரணம் சொல்லவும் கதை கோக்கவும் தமிழில் பழகிய பிள்ளை அந்தத் திறனை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறது. அதற்குத் தேவைப்படுவது புதிய சொற்கள் மட்டுமே.

இன்னொன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. இந்த ஊரில் எந்த மொழிக்கு நீங்கள் காவல் நிற்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: தமிழிலும் வயதுக்கேற்ற பேச்சு இல்லையென்றால் ‘இரண்டு மொழிக் குழப்பம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மொழிகளைக் கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள்; செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மகள் ‘எக்’ என்பதை ‘யெக்’ என்கிறாள். ‘ஃபிஷ்’ ‘பிஷ்’ ஆகிறது. திருத்தினால் அழுகிறாள்.
– ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

அழத்தானே செய்வாள்! மீனைக் காட்ட ஓடிவந்தவளிடம் நீங்கள் உச்சரிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். “ஆமாம், எவ்வளவு பெரிய ஃபிஷ்!” என்று சரியான ஒலியோடு திருப்பிச் சொல்லிவிட்டு மீனைப் பற்றியே பேசுங்கள். அது போதும்.

இது தமிழ் நாவின் பழக்கம். நம் பேச்சில் எலி ‘யெலி’ ஆகிறது, ஒன்று ‘வொண்ணு’ ஆகிறது. ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று கடைசியில் உகரம் ஒட்டுகிறது. ‘ஃப’ நமக்குச் சொந்த ஒலியன்று. வித்தியாசத்தைக் காது பிடிக்காமல் நாக்கு பிடிக்காது என்பதால் முதலில் கேட்கும் விளையாட்டு. மின்விசிறிப் படம் ஒன்று, வாணலிப் படம் ஒன்று. நீங்கள் ‘ஃபேன்’ அல்லது ‘பேன்’ என்று சொல்ல, அவள் உரிய படத்தைத் தொட வேண்டும். (‘பேன்’ தலையில் அல்லவா ஊரும் என்று அவள் சிரித்தால், தாராளமாகச் சிரிக்கட்டும்.) பிறகு கண்ணாடி முன்னால் நின்று, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதிப் பார்க்கலாம்.

ஐந்து வயது மகனுக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் தலைகீழாகத் தெரியும். மூன்றெழுத்துச் சொல்லைக்கூட வாசிக்க வரவில்லை. எழுத்தின் ஒலி வழியே வாசிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பு கட்டாயமா?
– பொங்கோல் வாசகர்

வகுப்பு கட்டாயமில்லை, முறை தேவை. ‘சி, ஏ, டி’ என்று எழுத்தின் பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘கேட்’ பிறக்காது. இந்த 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. அதனால்தான் பெயரை விட்டு ஒலியிலிருந்து தொடங்குகிறார்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் கற்பிப்பது பரவலான வழக்கம். அந்த ஆறிலேயே ‘சாட்’ (sat), ‘டாப்’ (tap), ‘பின்’ (pin), ‘நாப்’ (nap) என்று பல சொற்களைக் கூட்டிவிடலாம்.

இங்கே தமிழ் தெரிந்த பெற்றோருக்கு ஒரு வசதி உண்டு. யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ‘டு’ என்று உகரம் சேர்க்காமல் ‘ட்’ என்று புள்ளி வைத்த மெய்யாக ஒலியுங்கள். ப் + இ = பி என்று உயிர்மெய் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது புதிய வித்தையே அல்ல. ஆனால் வாசித்த சொல்லின் பொருள் தெரிகிறதா என்று பாருங்கள். பொருள் புரியாத சொற்களைக் கடகடவென வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது.
– ஈசூன் வாசகி

அதனால் நட்டமில்லை. நூலகத்திலிருந்து படப் புத்தகம் எடுத்து வாருங்கள். பகலில் பாட்டி படங்களைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லட்டும். இரவில் அதையே நீங்கள் ஆங்கிலத்தில் வாசியுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொற்களுக்குப் பிள்ளையே பொருள் ஊகித்துக்கொள்ளும். ஒரே புத்தகத்தை மறுபடியும் மறுபடியும் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில், குறிப்பாக வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் கதை வாசிக்கிறார்கள். அதையும் விசாரித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் போல வாக்கிய முடிவில் ‘லா’ போட்டுப் பேசுகிறாள்!
– ஒரு தாய், பிடோக்

பேசட்டும். விளையாட்டிடத்துக்கு ஒரு பேச்சு, வகுப்புக்கு ஒரு பேச்சு என்று பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். நாம் ஊரிலும் அலுவலகத்திலும் ஒரே தமிழா பேசுகிறோம்?

ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று (முதல் வகுப்பு). ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவானோ என்று தூக்கமே வரவில்லை.
– ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

தூங்குங்கள். 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. தொடக்கநிலை ஒன்றின் தொடக்கத்திலேயே ஆங்கில வாசிப்பில் துணை தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து, கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சிறு குழுக்களாகக் கற்பிக்கிறார்கள். அதில் சேர்த்தால் அவமானமாக நினைக்காதீர்கள், நல்ல வாய்ப்பு.

பள்ளிகளின் ‘ஸ்டெல்லார்’ என்ற ஆங்கிலப் பாடத்திட்டத்தில் ஆசிரியர் பெரிய புத்தகத்தை வைத்து வகுப்போடு சேர்ந்து வாசிப்பார். பிறகு எல்லாரும் ஒரு வேலையைச் செய்து, அதைப் பற்றிப் பேசி, பேசியதை எழுதுவார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்கு அழைத்துப் போய் வந்து, அவன் ஆங்கிலத்தில் சொல்லும் இரண்டு வாக்கியங்களை நீங்கள் எழுதுங்கள். கீழே அவன் படம் வரையட்டும். பயிற்சி ஏடுகளை அடுக்க வேண்டாம். மாறாக, கழிவறைக்குப் போக அனுமதி கேட்பது, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு கேட்டு வாங்கி மீதிக் காசைச் சரிபார்ப்பது, ‘புரியவில்லை’ என்று சொல்வது ஆகிய மூன்றையும் டிசம்பர் விடுமுறைக்குள் ஆங்கிலத்தில் பழக்கிவிடுங்கள்.