பேய்க்கு முன்னால் தாழ்ப்பாள்

அன்புள்ள ஐயா,

கல்லூரி முடித்ததிலிருந்து நண்பர்களோடு குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமீபத்தில் ஒரு பேய்ப்படம் எடுத்தோம், 9 நிமிடம். ஆச்சி இறந்தபின் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பேத்தி ஒரு ராத்திரி தனியாகத் தங்குகிறாள். புறவாசலில் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் வெள்ளைப் புடவையில் ஓர் உருவம். நடுவில் அந்தப் பேய் யார், எப்படிச் செத்தாள் என்று ஒரு ஃப்ளாஷ்பேக்கும் உண்டு. நான் படித்த கல்லூரியிலேயே திரையிட்டோம். பேய் வந்ததும் பையன்கள் கைகொட்டிச் சிரித்துவிட்டார்கள். மேக்கப்புக்குக் காசு இல்லாததுதான் காரணம் என்கிறான் கேமராமேன். அந்த இடத்தில் சவுண்ட் பத்தவில்லை என்கிறான் மியூசிக் போட்டவன். ஆனால் 'லைட்ஸ் அவுட்' குறும்படத்தில் ஒரு வீடு, ஒரு பெண், வேறெதுவும் இல்லை. அதைப் பார்த்த ராத்திரி எனக்குப் பாத்ரூம் போகவே பயமாக இருந்தது. இவ்வளவு சின்னப் படத்தில் பயத்தை எங்கே வைத்துக் கட்டுகிறார்கள்? எங்கள் படத்தின் லிங்க்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

ம., தென்காசி

அன்புள்ள ம.,

படத்தைப் பார்த்தேன். திட்டும் அளவுக்கு மோசமில்லை. நன்றாக வந்திருக்கும் ஓர் இடத்தை நீங்களே கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். அதற்கு வருகிறேன்.

சிரித்த பையன்கள் மேல் கோபம் வேண்டாம். 1896-ல் பிரான்சில் ஜார்ஜ் மெலியஸ் எடுத்த மூன்று நிமிடப் படம் ஒன்றைத்தான் உலகின் முதல் பேய்ப்படம் என்று பலரும் சொல்கிறார்கள். வௌவால் பிசாசாக மாறும், எலும்புக்கூடு வரும், ஆட்கள் திடீரென்று மறைவார்கள். மெலியஸ் மேடையில் மேஜிக் செய்தவர். ஜனங்கள் ரசிக்கவேண்டும் என்றுதான் அதை எடுத்தாரே தவிர, அலறவேண்டும் என்று இல்லை. பேயை முழு உருவமாகக் கண்முன் நிறுத்தினால் வேடிக்கை பார்க்கத்தான் தோன்றும். நம் ஊரில் காஞ்சனா (2011), அரண்மனை (2014) என்று வரிசையாக வந்த படங்கள், பேய் வந்தால் பின்னாலேயே காமெடி வரும் என்று வேறு பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் நீங்கள் வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். எத்தனை ஆயிரத்துக்கு மேக்கப் போட்டிருந்தாலும் சிரித்திருப்பான்.

இப்போது நீங்கள் சொன்ன படம். ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பெர்க் 2013-ல் எடுத்தது. நடித்தவர் அவருடைய மனைவி லோட்டா லோஸ்டென். மூன்று நிமிடம்கூட ஓடாது, வசனம் கிடையாது. படுக்கப் போகும் பெண் வீட்டு நடையில் நின்று விளக்கை அணைக்கிறாள். இருட்டில் எதிர்க்கோடியில் ஓர் உருவம் நிற்கிறது. பதறிப்போய் விளக்கைப் போடுகிறாள், யாரும் இல்லை. அணைக்கிறாள், நிற்கிறது. போடுகிறாள், இல்லை. இருட்டில் உண்டு, வெளிச்சத்தில் இல்லை. படத்தின் சட்டம் இவ்வளவுதான். யாரும் வாய்திறந்து சொல்லாமலே சில நொடிகளில் நமக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு பயப்படுகிற வேலையை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

அவள் கையைப் பாருங்கள். சுவிட்ச் அந்தக் கைக்குக் கீழேதான் இருக்கிறது. யாரும் அவளைத் துரத்தவில்லை. அந்த உருவத்தை வரவழைப்பதும் அவள் விரல், போகச்செய்வதும் அவள் விரல். இனி அணைக்காதே என்று மனசுக்குள் கத்துகிறோம். அணைக்காமல் போய்ப் படுத்துவிட்டால், அங்கே நிற்கிறதா இல்லையா என்று தெரியாமல் அதுவும் தாங்காது. நீங்கள் கேட்ட பயத்தை இந்த இழுபறியில்தான் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதே 'டிக்', அதே நடை, அதே கேமரா கோணம். மாறுவது ஒன்றே ஒன்று: கோடியில் நின்றது, கடைசியாக அணைக்கும்போது பக்கத்தில் வந்துவிடுகிறது. முன்னால் வந்த ஷாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால்தான் இந்த மாற்றம் அறைகிறது. ஷாட்டுக்கொரு கோணம் வைத்து வெட்டியிருந்தால் தூரம் குறைந்ததே நமக்கு உறைத்திருக்காது.

பிறகு படுக்கை, போர்வை. தலைமாட்டு விளக்கு மினுங்குகிறது. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பிளக்கை அழுத்துகிறாள், விளக்கு நின்று எரிகிறது. நமக்கும் மூச்சு வருகிறது. வெளிச்சம் இருக்கும்வரை பயமில்லை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களே! அவள் மெல்லப் போர்வையை விலக்கிப் பார்க்கிறாள். எரிகிற விளக்குக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. விளக்கை அணைக்கிறது. படம் முடிகிறது.

இந்த இடத்தில் சட்டம் மீறப்படுகிறது. மீறுவதற்காகவே சாண்ட்பெர்க் அதை அவ்வளவு சிரத்தையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார். "வெளிச்சத்தில் வராது என்றீர்களே" என்று கேட்பதற்குள் படம் தீர்ந்துவிடுகிறது. குறும்படக்காரனுக்கு மட்டும் கிடைத்திருக்கும் வசதி இது. இதே கருவை அவரே 2016-ல் முழுநீளப் படமாக எடுத்தார். சுமார் 50 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அதனால் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே அந்த உருவத்துக்கு ஒரு பெயர், ஒரு மனநல மருத்துவமனை, வெளிச்சம் பட்டால் ஆகாத ஒரு தோல்நோய் என்று பூர்வீகம் எல்லாம் வந்துவிட்டது. கேஸ் கட்டைப் படித்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. காரணம் தெரிந்துவிட்டால் தப்பிக்க வழியும் தெரிந்துவிடும், அப்புறம் அது துப்பறியும் கதை.

உங்கள் ஃப்ளாஷ்பேக்கும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. 9 நிமிடத்தில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்தை அதற்கே கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்று தெரிந்ததும் எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது. பரிதாபப்பட்டவளைப் பார்த்து அடுத்த நிமிடமே எப்படிப் பயப்படுவது? அதை அப்படியே எடுத்துவிடுங்கள்.

காரணமே சொல்லாமல் 35 நிமிடம் ஒருவனை உட்காரவைக்க முடியும் என்பதற்கு அந்தோனியோ மெர்செரோ 1972-ல் ஸ்பெயின் தொலைக்காட்சிக்கு எடுத்த 'லா கபினா'வைப் பாருங்கள். பகல் வெளிச்சம். சதுக்கத்தில் புதிதாக வைத்த டெலிபோன் பூத்துக்குள் ஒருவர் போகிறார், கதவு சாத்திக்கொள்கிறது, திறக்கவில்லை. கூட்டம் கூடிச் சிரிக்கிறது. உதவ வந்தவர்களாலும் முடியவில்லை. கடைசியில் கம்பெனி லாரி வந்து பூத்தை அவரோடு சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறது. வழியில் இன்னொரு லாரி, இன்னொரு பூத், உள்ளே இன்னொரு ஆள். இருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் நான் சொல்லமாட்டேன். பிராங்கோவின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த காலம் அது, பார்த்தவர்கள் அவரவருக்குத் தோன்றிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் வந்தபிறகு பூத் கதவைக் காலால் பிடித்துக்கொண்டே போன் பேசினார்கள் என்று அங்கே இன்றும் சொல்வார்கள்.

சவுண்ட் பத்தவில்லை என்று உங்கள் நண்பர் சொன்னதற்கு வருவோம். திடீரென்று பெரிய சத்தம் போட்டால் யாராக இருந்தாலும் திடுக்கிடுவார்கள். கண் சிமிட்டும், தோள் குறுகும், யோசிப்பதற்கு முன்பே உடம்பு செய்துவிடும் வேலை அது. அதற்குப் பேயே தேவையில்லை, குக்கர் விசில் போதும். ஆனால் ஏற்கெனவே பயந்திருப்பவர்களுக்கும் இருட்டில் இருப்பவர்களுக்கும் அதே சத்தம் இன்னும் பலமாகத் தூக்கிப்போடுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அந்த அடிக்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் உங்கள் நண்பருக்கு வேலை. 1942-ல் ஜாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில் இரவு நேரத் தெருவில் ஒருத்தி நடக்கிறாள், இன்னொருத்தி பின்தொடர்கிறாள். மியூசிக் இல்லை, இரண்டு ஜோடிச் செருப்பின் குதிகால் சத்தம் மட்டும். பிறகு ஒரு ஜோடிச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் வேகமாக நடக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள். சீறிக்கொண்டு ஏதோ பாய்கிறது, பார்த்தால் பஸ். தியேட்டரில் அலறவைத்தது பஸ்ஸின் பிரேக்தான், ஆனால் அலறலுக்குத் தயார்படுத்தியது நின்றுபோன அந்தக் காலடி.

உங்கள் வீட்டில் சத்தத்துக்கு என்ன பஞ்சம்? பழைய ஃபேன், ஓடி ஓடி நிற்கும் ஃபிரிட்ஜ், பல்லி. பல்லி சொன்னால் நிமிர்ந்து திசை பார்க்கிற ஜனம் நாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு முதல் ஷாட்டிலிருந்தே வயலினை ஓடவிட்டு அத்தனையையும் மூடியிருக்கிறீர்கள்.

சரி, நீங்கள் தாண்டிப்போன இடம். மூன்றாவது நிமிட வாக்கில் அந்தப் பெண் புறவாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுகிறாள். துருப்பிடித்த பழைய தாழ்ப்பாள், 'கிறீச்' என்று இழுத்துக்கொண்டு போய் விழுகிறது. அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல், தாழ்ப்பாள் திறந்து தொங்குகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே தாழ்ப்பாளுக்கு ஒரு குளோசப் வைத்து, டமார் என்று ஓர் அடியும் போட்டுவிட்டீர்கள். நானாகக் கண்டுபிடித்ததை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

அந்தக் குளோசப்பைத் தூக்குங்கள். அவள் திரும்பிப் பார்க்கட்டும், போய் மறுபடியும் தாழ்ப்பாள் போடட்டும், அதே கோணத்தில், அதே 'கிறீச்'. இன்னொரு தடவையும் திறக்கட்டும். இப்போது எழுந்துபோய் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியவள் அவள், கை வைக்கவேண்டியதும் அவள். மூன்றாவது முறை தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருக்கவேண்டும், அதே 'கிறீச்' வீட்டுக்குள் வேறெங்கோ கேட்கவேண்டும். எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வெள்ளைப் புடவை தேவைப்படாது, மேக்கப் செலவும் மிச்சம்.

இன்னொன்று, மிக்ஸிங் முடிந்ததும் ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். குறும்படத்தை முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த உறுமல் சத்தம் எல்லாம் அநேகமாகக் காணாமல் போய்விடும், கிறீச்சும் டிக்கும்தான் தப்பிக்கும். தாழ்ப்பாள் சத்தத்தை அந்த வீட்டிலேயே, ஃபேனை அணைத்துவிட்டு, மைக்கைப் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். புது வடிவம் தயாரானதும் அனுப்புங்கள், பகலில் பார்க்கிறேன்.