ஏழு அடியில் நின்றுபோன பைல்: டெக்சஸ் அஸ்திவாரப் பழுது, கேள்வி பதில்

ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் வீட்டு அஸ்திவாரங்களை ஆய்வு செய்யும் கட்டமைப்புப் பொறியாளன் நான். கான்கிரீட் உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணுக்குள் அழுத்தி இறக்கி, 'பைல்' எனப்படும் அந்த அடுக்கின் மேல் வீட்டைத் தூக்கும் முறையைப் பற்றி டெக்சஸில் உள்ள தமிழ்க் குடும்பத்தினர் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேட்டி வாசகர்: வெளிச்சுவர்ச் செங்கலில் படிக்கட்டு போல விரிசல் ஓடுகிறது. பழுதுபார்க்கும் நிறுவனத்தார் இலவசமாகப் பார்த்துவிட்டு 22 பைல் வேண்டும் என்கிறார்கள். இதற்கென்று ஒரு தரம் இல்லையா சார்?

இருக்கிறது. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் டெக்சஸ் பிரிவு, வீட்டு அஸ்திவாரங்களை மதிப்பிடவும் பழுதுபார்க்கவும் வழிகாட்டி நெறிகளை வகுத்து, 2009-இல் திருத்தியும் வெளியிட்டது. வீட்டைத் தாங்கும் கான்கிரீட் தளத்தின் வளைவு நீளத்தில் 360-இல் ஒரு பங்கைத் தாண்டுகிறதா, அதாவது 30 அடி நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் வளைந்திருக்கிறதா என்பது ஓர் அளவுகோல். வீடு முழுவதும் ஒரே பக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சாய்ந்திருக்கிறதா என்பது மற்றொன்று. ஆனால் எந்தத் தளமும் வார்த்த அன்றே துல்லியமான மட்டத்தில் இருப்பதில்லை என்பதால், அந்தப் பழைய ஏற்ற இறக்கத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும்.

உங்களிடம் இருப்பது ஒரு விரிசலும் ஒரு விலைப்பட்டியலும் மட்டுமே. டெக்சஸில் அஸ்திவாரம் பழுதுபார்ப்பவருக்கு மாநில உரிமம் கிடையாது, பொறியாளருக்கு உண்டு. ஆகவே பைல் விற்காத ஒரு பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து, வீடு முழுவதும் மட்டம் எடுக்கும், அந்த நெறிகள் 'பி' நிலை என்று குறிப்பிடும் ஆய்வைச் செய்யச் சொல்லுங்கள். தூக்குவது என்று முடிவானால், அதற்கு முன்பும் பின்பும் தளத்தின் அடியிலுள்ள கழிவுநீர்க் குழாயை அடைத்து, நீர் நிரப்பி, நீர்மட்டம் இறங்குகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

சுகர்லேண்ட் வாசகர்: பைல் எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலும் 6 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் கொண்ட உருளைகளை அடுக்கி, வீட்டின் எடையையே எதிர்விசையாக வைத்து ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்துகிறார்கள். அதற்குமேல் உருளை இறங்காமல் வீடு எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இங்குள்ள களிமண் ஈரத்தில் உப்பிப் பெருகும், வறண்டால் சுருங்கி இறுகும். 2011 போன்ற வறட்சி ஆண்டில் மேல்மண்ணே கல்லாகிவிடுவதால், பருவந்தோறும் அசையும் அந்த மண்ணடுக்கிலேயே உருளை நின்றுவிடக்கூடும். மழை வந்து மண் இளகினால் தாங்கும் வலு குறையும், உப்பிப் பெருகினால் பைலும் சேர்ந்து நகரும்.

ஓர் ஆகஸ்ட் மாதத்தில் பழுது பார்த்த வீட்டை, இரண்டு மழைக்காலம் கழித்து நான் தோண்டிப் பார்த்தேன். ஏழாவது உருளையோடு பைல் முடிந்திருந்தது. மூன்றாவது உருளை நான்காவதின் மேலிருந்து இரண்டு விரற்கடை விலகி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் கையில் உத்தரவாதப் பத்திரம் இருந்தது. எந்த பைல் எத்தனை அடி போனது என்ற குறிப்பு ஒரு வரிகூட இல்லை.

எனவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு பைலுக்கும் எண், இறங்கிய ஆழம், நிறுத்தியபோது ஜாக் காட்டிய அழுத்தம், ஜாக் பிஸ்டனின் பரப்பு. பிஸ்டன் 10 சதுர அங்குலம், அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றால் அந்த பைல் 30,000 பவுண்டு விசையில் இறங்கியது என்று நீங்களே கணக்கிடலாம். குறைந்தபட்ச ஆழத்தைப் பொறியாளர் குறிக்க வேண்டும்; அதற்கு முன்பே நின்றால், நீரைப் பாய்ச்சித் துளையிட்டோ வேறு வழியிலோ கீழே கொண்டு போக வேண்டும்.

பேர்லேண்ட் வாசகர்: வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்களே, போதாதா?

போதாது. பல பத்திரங்களில் அதன் பொருள், வீடு மறுபடி இறங்கினால் வந்து எஃகுத் தகடு செருகித் தருவோம் என்பது மட்டுமே. உடைந்த குழாயும் விரிந்த சுவரும் உங்கள் செலவு.

ஃபிரிஸ்கோ வாசகர்: கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் அடிப்பகுதி அகன்ற பைல் போட்டு வீடு கட்டியவன் நான். அதை விட்டுவிட்டு இந்த உருளை அடுக்கை நீங்கள் ஏற்பதே தவறு.

ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்து, இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதியில் இடம்பெற்ற அந்த முறையை நானும் மதிக்கிறேன். டெக்சஸிலும் அடிப்பகுதியை அகலமாகத் துளையிட்டு வார்க்கும் தூண்கள் உண்டு. நீங்கள் சொல்வது புது வீட்டுக்கு முழுவதும் பொருந்தும். குடியிருக்கும் வீட்டின் ஓரத்தில், வேலிக்கும் சுவருக்கும் நடுவே நாலடி இடத்தில் துளைக்கருவி நுழைய வேண்டும்; வார்த்த கான்கிரீட் இறுகும்வரை தூக்காமல் காத்திருக்க வேண்டும்.

அதே வாசகர்: காத்திருந்தால் என்ன? இணைப்பே இல்லாத உருளைகள் விலகும் என்று மேலே நீங்களே எழுதினீர்களே.

எழுதினேன், அதிலிருந்து பின்வாங்கவும் இல்லை. நடுவில் கம்பியோ எஃகு வடமோ கோத்து இணைக்கும் வகையைத்தான் நான் ஏற்கிறேன். அழுத்தி இறக்கும் முறையில் ஒவ்வொரு பைலும் இறங்கும்போதே சுமைச் சோதனைக்கு உள்ளாகிறது. வார்த்த தூணின் அடி முழுமையாக அகன்றதா, அகழ்ந்த மண் சரிந்து விழுந்ததா என்பது துளைக்குள் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். செலவும் இடமும் இருந்தால் உங்கள் முறை மேலானது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

வேறு மூவர்: எங்கள் வீட்டுக்கு எத்தனை பைல் வேண்டும்?

மட்டம் எடுக்காமல் யாரும் சொல்ல முடியாது. கேட்டி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். குழாய்ச் சோதனையையும் மறக்க வேண்டாம்.

சைப்ரஸ் வாசகர்: வீட்டுக்குள் தளத்தை உடைத்து பைல் இறக்கலாம் என்கிறார்கள். எங்களுடையது போஸ்ட் டென்ஷன் தளம், அதாவது உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய தளம்.

வடங்கள் ஓடும் இடத்தைக் கருவியால் கண்டறிந்து குறிக்கும்வரை உடைக்க விடாதீர்கள். இழுவிசையில் உள்ள வடம் அறுந்தால் ஆளையே காயப்படுத்தும். வெளியிலிருந்து சுரங்கம் தோண்டி இறக்குவது செலவு கூடியது, ஆனால் தளம் உடையாது.

இன்னொரு பேர்லேண்ட் வாசகர்: அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஈரத்தைச் சீராக வைத்தால் அசைவு குறையும். வளைந்த தளம் நிமிராது. சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கசிவுக் குழாயைப் போட்டு, கோடையில் மட்டும் அளவாக விடுங்கள். கோடையே இல்லாமல் ஓர் ஓரம் மட்டும் ஈரமாக இருந்தால் குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் முதலில் கூப்பிட வேண்டியவர் பைல்காரர் அல்ல, பிளம்பர்.