பெட்டியைப் பிரிக்கும் முன்: மாயக்கதை, அறிவியல் புனைவு வாங்குபவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், விடுமுறையில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள் மூன்றையும் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறான். பிறந்தநாளுக்கு அதன் போர்டு கேம் வேண்டுமாம். தேடினால் அந்தப் பெயரில் வரிசையாகப் பெட்டிகள் வருகின்றன. எதை வாங்குவது?

பதில்: உங்கள் வீட்டில் மேசையைச் சுற்றி எத்தனை பேர் உட்காருவீர்கள், எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்? இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் பாதிப் பெட்டிகள் தானாகக் கழிந்துவிடும்.

படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களின் கண் முதலில் ‘வார் ஆஃப் தி ரிங்’ மீதுதான் விழும். 2004-ல் வந்த ஆட்டம். பெரிய வரைபடம், இருநூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் உருவங்கள் என்று பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் ஒரு ஆட்டம் முடிய இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். நான்கு பேர் வரை ஆடலாம் என்று பெட்டி சொன்னாலும் அடிப்படையில் அது இருவர் ஆட்டம். விதிப் புத்தகமும் கனமானது. நல்ல ஆட்டம்தான், ஆனால் பையன் இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து ஆடட்டும்.

நீங்களும் அவனும் மட்டும் ஆடுவதாக இருந்தால் 2024-ல் வந்த ‘டூயல் ஃபார் மிடில் எர்த்’ போதும். சரியாக இரண்டு பேருக்கு, முக்கால் மணிக்குள் முடியும். அட்டைகளில் வாக்கியங்களைவிடச் சின்னங்களே அதிகம் என்பதால், இங்கிலீஷ் படித்துப் படித்து விளக்க வேண்டிய சிரமமும் இல்லை.

குடும்பமாக நான்கைந்து பேர் என்றால் எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் வகையைத் தேடுங்கள். 2025-ல் வந்த ‘ஃபேட் ஆஃப் தி ஃபெலோஷிப்’ அந்த வகை. என் மனதுக்கு நெருக்கமானது இன்னும் பழையது: ரெய்னர் நீசியா வடிவமைத்து 2000-ல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெயரிலேயே வந்த ஆட்டம். அதில் ஒரு நீளமான கோடு இருக்கும். ஒரு முனையில் நாம் ஆடும் குள்ள நாயகர்களான ஹாபிட்டுகள், மறுமுனையில் கறுப்பாக வில்லன் சவுரோன். தவறு செய்யச் செய்ய ஹாபிட் அவனை நோக்கி நகரும், அவனும் நம்மை நோக்கி நகருவான். அவனிடம் அகப்பட்டால் அந்த ஆட்டக்காரர் வெளியே. மோதிரம் வைத்திருப்பவர் அகப்பட்டால் எல்லோருக்கும் தோல்வி. எங்கள் வீட்டில் ஒருமுறை, மோதிரம் இருந்த அண்ணன் மகளைக் காப்பாற்ற அவள் பாட்டி தன் கையிலிருந்த கடைசி அட்டைகளையும் இறக்கிவிட்டு, தான் வெளியேறினார். அந்தக் கதையை ஒரு பக்கம்கூடப் படிக்காதவர் அவர்! பழைய பெட்டி எல்லா நேரமும் கடையில் இருக்காது. கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ‘டியூன்’ என்ற அறிவியல் புனைவு நாவலை வைத்து வந்த போர்டு கேம் என்று ஆன்லைனில் வாங்கினேன். பிரித்தால் நடுப்பலகையையே காணோம். அட்டைகளும் பாதிதான். விற்றவர் “சரியான பொருள்தான்” என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெட்டியின் பெயரை முழுதாகப் படியுங்கள். ‘ரைஸ் ஆஃப் இக்ஸ்’ அல்லது ‘இம்மார்ட்டாலிட்டி’ என்று இருந்தால் நீங்கள் வாங்கியது எக்ஸ்பான்ஷன், அதாவது மூல ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் பெட்டி. தனியாக ஆட முடியாது. ‘மூல ஆட்டம் தேவை’ என்று பெட்டியில் இங்கிலீஷில் சின்னதாக ஒரு வரி இருக்கும். விற்பனைப் பக்கத்தில் அந்த வரியை விட்டிருந்தால், பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தால் வழக்காடாதீர்கள், மூல ஆட்டத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதை வாங்கும்போதும் கவனம். வெறும் ‘டியூன்’ என்பது 1979-ல் முதலில் வந்து, 2019-ல் மறுபதிப்பு கண்ட ஆட்டம். ஆறு அணிகள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ஆறு பேர் கூடினால் அபாரம், மூன்று பேருக்குச் சப்பென்று போய்விடும். ‘டியூன்: இம்பீரியம்’ 2020-ல் வந்த வேறு ஆட்டம். ஒருவர் முதல் நால்வர் வரை, இரண்டு மணிக்குள். மேலே சொன்ன ‘ரைஸ் ஆஃப் இக்ஸ்’, ‘இம்மார்ட்டாலிட்டி’ இரண்டும் இதற்கான கூடுதல் பெட்டிகள். 2023-ல் வந்த ‘அப்ரைசிங்’ மட்டும் தனியாகவே ஆடக்கூடியது.

அப்புறம், விலை பற்றி ஒரு வார்த்தை. சதுரங்கம், கேரம் உட்பட போர்டு கேம்களுக்கான ஜி.எஸ்.டி. 22 செப்டம்பர் 2025 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலை ஒட்டிய பெட்டியைக் கடையில் கண்டால் புது விலை என்ன என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி தனி. பெட்டியைக் கொடுக்கும்போது கூரியர்காரர் கேட்பார்.

கேள்வி: ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலைப் பாதி விலைக்கும் கீழே ஆன்லைனில் வாங்கினேன். தாள் மெலிதாக, பின்பக்க எழுத்து தெரிகிறது. இது திருட்டுப் பதிப்பா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். தாளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, மலிவுப் பதிப்புகளும் மெல்லிய தாளில் வரும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அந்த நாவலுக்குப் பின்னிணைப்புகளும், அந்த உலகத்துச் சொற்களுக்கு ஓர் அகராதியும், பாலைவன வரைபடமும் உண்டு. ஹெர்பர்ட் முதல் பக்கத்திலிருந்தே புதுச் சொற்களை விளக்காமல் வீசிக்கொண்டு போவார். அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் நானும் முதல் நூறு பக்கங்களைக் கடந்தேன். காப்பியடிப்பவர்கள் தாளை மிச்சம் பிடிக்க வெட்டும் இடமும் இதுதான்.

ஒருமுறை எனக்கு வந்த பிரதியில் அகராதி ‘கே’ எழுத்தோடு நின்றுவிட்டது. வரைபடம் இருந்தது, ஆனால் ஸ்கேன் எடுத்த தாளின் மடிப்பு நடுவே கறுப்புக் கோடாக ஓடியது, ஊர்ப்பெயர்கள் எறும்பு ஊர்ந்ததுபோல் கலங்கியிருந்தன. புத்தகத்தின் முதுகைத் தடவினால் விரலில் மை. உங்கள் பிரதியிலும் இவற்றையே பாருங்கள்: வரிகள் லேசாகச் சாய்ந்திருக்கிறதா, ஓரம் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறதா, பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். (பதிப்பின் அடையாள எண்) உள்ளே இருப்பதோடு ஒன்றா?

போலிப் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் விற்பவருக்கு உரிமை இல்லை. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படங்களோடு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் சேர வேண்டிய காசு அது.

மலிவு எல்லாமே திருட்டும் அல்ல. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. எச்.ஜி. வெல்ஸ் 1946-ல் மறைந்தார், ஜூல்ஸ் வெர்ன் 1905-ல். அவர்கள் நாவல்களை யார் வேண்டுமானாலும் நூறு ரூபாய்க்கு அச்சிட்டு விற்கலாம், தாராளமாக வாங்குங்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கின் 1973-ல் மறைந்தவர், அவர் புத்தகங்களுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. ஹெர்பர்ட் மறைந்தது 1986-ல்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களின் நீட்டித்த பதிப்பு (கூடுதல் காட்சிகள் சேர்த்தது) டிஸ்க் வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கே ஓடுமா?

பதில்: எந்த டிஸ்க் என்பதைப் பொறுத்தது. சாதாரண ப்ளூ-ரே என்றால் அமெரிக்கா ‘ஏ’ மண்டலம், இந்தியா ‘சி’. தன் மண்டலத்து ப்ளேயரில் மட்டும் ஓடும்படி டிஸ்கில் மண்டலப் பூட்டு இருந்தால் இங்கே வாங்கிய ப்ளேயர் ஏற்காது. டி.வி.டி.யிலும் அதே கதை: அங்கே 1, இங்கே 5. 4கே அல்ட்ரா எச்.டி. டிஸ்குக்கு மண்டலப் பிரிவே கிடையாது, ஆனால் 4கே டிஸ்க் படிக்கும் ப்ளேயர் வேண்டும். டிஸ்க் போடும் வசதியுள்ள ப்ளேஸ்டேஷன் 5 வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஆகவே மைத்துனரிடம் 4கே பெட்டி என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

செலவுக்கு உகந்ததா என்றால், எனக்கு ஆம். மூன்றாம் படம் தியேட்டரில் 201 நிமிடம், நீட்டித்த பதிப்பில் பெயர்ப் பட்டியலோடு 263. தீய மந்திரவாதி சாருமானின் முடிவு தியேட்டர் பதிப்பில் இல்லை, இதில்தான் இருக்கிறது. ஆன்லைனில் ‘வாங்கும்’ படம் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே, அந்தத் தளம் உரிமையை இழந்தால் நம் பட்டியலிலிருந்தும் போய்விடலாம். டிஸ்க் நம் அலமாரியில் இருக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கல்லூரி போகும் பேத்தி எப்போதும் ‘டியூன்’ பற்றியே பேசுகிறாள். அவளோடு பேசவாவது எனக்கு ஆசை. அத்தனை கடினமான இங்கிலீஷ் என்னால் முடியாது. ஆறு புத்தகங்கள் சேர்ந்த செட் வாங்கித் தரட்டுமா என்கிறாள்.

பதில்: செட் வேண்டாம் அம்மா, அவளுக்குமே வேண்டாம். 1965-ல் வந்த முதல் நாவல் தனியாகவே நிறைவானது. அது பிடித்தால் இரண்டாவதை வாங்கலாம். போகப் போகக் கதை வேறு திசைக்குப் போகிறது, நான்காவதோடு நின்றுபோனவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் படத்திலிருந்து தொடங்குங்கள். டெனி வில்நோவ் எடுத்த 2021 படம் முதல் நாவலின் முன்பாதி, 2024 படம் பின்பாதி. இரண்டையும் வரிசையாகப் பாருங்கள், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் இருக்காது.

கூடவே உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்றைக் கொடுங்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்த காலத்தில் படித்திருப்பீர்கள். எதிர்கால இந்தியா, ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. பேத்திக்குத் தமிழ் வாசிப்பு வேகம் குறைவென்றால் நீங்களே உரக்கப் படியுங்கள், ஜீனோ பேசும் இடங்கள் வாய்விட்டுப் படிப்பதற்கென்றே எழுதியவைபோல இருக்கும். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் ‘மீண்டும் ஜீனோ’வையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். முதலாவது முடிகிற இரவே அடுத்ததை எங்கே என்று கேட்பாள்.