தலைவலி வந்தால் போடுகிற மாத்திரை

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. தலைசுற்றல் என்று எம்ஆர்ஐ எடுத்தோம். மூளையின் வெண்பொருளில் மாற்றங்கள், ஃபசேகாஸ் கிரேடு 2 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் டிமென்ஷியா என்று பயமுறுத்துகிறார்கள். ஆனால் அப்பாவுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. பிபி உண்டு, தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை போடுவார். வல்லாரை மாத்திரை, சுடோகு இதெல்லாம் உதவுமா?

செ., செம்பூர்

அன்புள்ள செ.,

சுடோகு போடட்டும். வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு வரியில். தலைவலி வந்தால் மாத்திரையா? பிபி பெரும்பாலும் தலைவலி தராமலேயே வேலையைப் பார்க்கிறது ஐயா! மூளைக்குள் ஆழத்தில் தலைமுடி போல நுணுகிய ரத்தக் குழாய்கள். வருஷக்கணக்கில் அழுத்தம் அடித்து அவற்றின் சுவர் தடித்துப்போகும், துளை குறுகும். வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் கம்பிக்கட்டு. அதற்கு ரத்தம் குறைந்தால் எம்ஆர்ஐயில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. 60 தாண்டிய பலருக்கும் கொஞ்சம் இருக்கும். ஃபசேகாஸ் என்பது இந்தத் திட்டுகள் எவ்வளவு என்று சொல்லும் கணக்கு, கிரேடு 3 வரை உண்டு. உங்கள் அப்பாவின் 2 என்பது டிமென்ஷியா அல்ல, அதன் வாய்ப்பு கூடியிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

‘ஞாபகம் நன்றாகவே இருக்கிறது’ என்கிறீர்கள். என் அப்பாவுக்கும் இருந்தது. மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடத்தில் யார் எந்த வருஷம் குடிவந்தார் என்று வரிசையாகச் சொல்வார். ஆனால் காபி போடப் போனால், டிகாக்ஷன் இறங்கும் முன்பே டம்ளரில் பாலை ஊற்றிவிட்டு, சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அடுத்து என்ன என்பதுதான் வராது. இசட் பிரிட்ஜ் என்கிற நடைமேம்பாலத்தின் படியில் ஒருநாள் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டார். பின்னால் ஆபீஸ் கூட்டம் முட்டுகிறது. “நடப்பா, என்ன சோம்பேறித்தனம்” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். ரத்தக் குழாய் கெட்டு வரும் இந்த வகை டிமென்ஷியாவில் மறதிக்கு முன்பே மந்தமும் தடுமாறும் நடையும் வரலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவரும் மாத்திரையை நிறுத்தியவர்தான். பக்கத்து கிளினிக்கில் 130 என்று சொன்ன அன்றே, “நார்மல் ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு?” என்று விட்டுவிட்டார். மாத்திரை போட்டதால்தான் அந்த 130 என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும்தான். அவர் போன பிறகு ரவை டப்பாவுக்குள் பதினோரு அட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோதான் பிய்த்திருந்தது.

2019இல் வெளிவந்த அமெரிக்க ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், பிபியின் மேல் அளவை 120க்குக் கீழே இறக்க முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே என்று விட்டவர்களைவிட வெள்ளைத் திட்டுகள் குறைவாகவே வளர்ந்தன. ஆரம்பநிலை அறிவுத்திறன் குறைபாடு வந்தவர்களும் அவர்களில் குறைவு. அதற்காக நீங்களே 120க்கு இறக்கக் கிளம்பிவிடாதீர்கள், அப்பா தலைசுற்றல்காரர். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் தினமும் போட வேண்டும், தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இவ்வளவு எழுதினீர்கள், கிரேடு கூட எழுதினீர்கள். அப்பாவின் பிபி எவ்வளவு என்று எழுதவே இல்லையே?